வலை சரிசெய்யும் பெரியவர்: கட்டை உருவத்துக்குப் பிறகு

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நான் செதுக்கிவரும் சென்னை காசிமேட்டுப் பெரியவர், எளிய வடிவங்களை அடுக்கிய கட்டை நிலையை ஒருவழியாகத் தாண்டிவிட்டார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கிழிந்த கண்ணிகளை ஊசியால் கோக்கும் உருவம். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பிற்பகலில் போனால் இப்படிப் பலர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். விலாக்கூடு, இடுப்பு, கை, கால் எல்லாவற்றையும் உருண்டைகளும் உருளைகளுமாக அடுக்கி, வாக்ஸல் ரீமெஷ் செய்து (உருவத்தைச் சிறு கனசதுரங்களாக அளந்து ஒரே மேற்பரப்பாக மறுபடி கட்டும் வசதி இது) ஒட்டி, தள்ளி நின்று பார்த்தால் ஓர் ஆள் வேலையில் இருக்கிறார் என்று தெரியும் வரை கொண்டுவந்திருந்தேன். தலையை மட்டும் உடம்போடு சேர்க்கவில்லை. அது தனிப் பொருளாக இருந்தால், எவ்வளவு குனிந்து சாய்ந்திருந்தாலும், ஒரு பக்கம் செதுக்குவதை மறுபக்கத்திலும் செய்யும் சிமெட்ரி அதன் சொந்த அச்சிலேயே வேலை செய்யும்.

கட்டை உருவத்துக்கும் தோல் சுருக்கத்துக்கும் நடுவே உள்ள இந்தக் கட்டத்தை வீடியோ பாடங்கள் வேகமாக ஓட்டிவிடுகின்றன. எனக்கோ முழு வேலையும் இதில்தான் இருக்கிறது என்று படுகிறது. முதுமை சுருக்கத்தால் தெரிகிறது என்பது பாதி உண்மைதான். நெற்றிப்பொட்டு குழிய வேண்டும், கன்ன எலும்பு மேலெழ வேண்டும், அதற்குக் கீழே சதை இறங்கித் தாடைக் கோட்டை ஓரிடத்தில் உடைக்க வேண்டும். இவை அமைந்துவிட்டால் ஒரு கோடுகூடப் போடாமலே எழுபது வயது வந்துவிடுகிறது.

சீக்கிரமே சுருக்கம் போடும் ஆசையை அடக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். வாக்ஸல் அளவைப் பெரிதாகவே வைத்துக்கொள்வது. அளவைப் பாதியாக்கினால் மேற்பரப்பை ஆக்கும் சிறு துண்டுகளான பாலிகான்கள் ஏறக்குறைய நான்கு மடங்காகும்; பெரிதாக வைத்தால் சுருக்கம் போட மேற்பரப்பில் இடமே இருக்காது. கிளே ஸ்ட்ரிப்ஸ் பிரஷ்ஷால் தசையை ஏற்றி, ஸ்கிரேப் பிரஷ்ஷால் சீவித் தளங்களைப் பிரிக்கிறேன். ஸ்மூத் பிரஷ்ஷை அளந்துதான் தொட வேண்டும். கொஞ்சம் கை நீண்டால் முகம் தேய்ந்த சோப்புக்கட்டியாகிவிடும். முகத்தைச் செதுக்கும்போது காட்சியின் குவியத் தொலைவை இயல்பான 50 மில்லிமீட்டரிலிருந்து 85-க்கு மாற்றிக்கொள்கிறேன். இல்லாவிட்டால், நெருங்கிப் பார்க்கும்போது மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடுகிறது.

குனிந்த முதுகுக்கு மாதிரி தேடி மெரினாவுக்குப் போனேன். தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-இல் திறக்கப்பட்டது. நான்கு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். திரண்ட முதுகும் ஊன்றிய கால்களும்தான் அங்கே பாரத்தைச் சொல்கின்றன. என் பெரியவருக்கு அந்தத் திமிறல் தேவையில்லை. ஆனாலும் கை முன்னே போனால் தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டிலிருந்து விலகிப் பக்கவாட்டில் சறுக்கும் என்ற பாடம் அவருக்கும் பொருந்தும். கழுத்து குனியும்போது அதன் அடியில் ஏழாவது எலும்பின் முனை புடைக்கும். அந்த ஒரு மேட்டை வைத்ததும் தலைக்குக் கனம் வந்துவிட்டது.

அதிக நேரம் தின்றது முன்கை. உள்ளங்கை வானம் பார்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பு மற்றதன் மேல் குறுக்கே போகும். ஊசி பிடித்த வலக்கை பாதி கவிழ்ந்த நிலையில் இருப்பதால், முழங்கைக்கு அருகே அகலமாக இருக்கும் தளம் மணிக்கட்டுக்கு வருவதற்குள் திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பம் இல்லாத கை, எவ்வளவு நரம்பு வரைந்தாலும் பொம்மைக் கைதான். பாதத்தில் ஒரே விதி: உள்கணுக்கால் உயரத்திலும் வெளிக்கணுக்கால் அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும்.

கண்கள் கீழே பார்ப்பதால் மேலிமையும் விழியோடு கூடவே இறங்கும்; கருவிழியின் புடைப்பு இமைக்கு அடியிலும் லேசாகத் தெரிய வேண்டும். இமைக்குத் தடிமன் கொடுக்க மறுக்கும் சிற்பங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இதற்கிடையே கைப்பேசியில் இருந்த படத்தைத் துறைமுகத்தில் வலை வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினேன். எலும்பு, தசை எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. "கன்னத்தில் வெற்றிலை இல்லாமல் யார் தம்பி வலை பார்ப்பார்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். சிமெட்ரியை எப்போது அணைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே காரணமானது. இடக்கன்னம் உப்பியது. அந்தப் பக்கம் மூக்கோரத்திலிருந்து இறங்கும் மடிப்பு ஆழம் குறைந்தது, வாயின் ஓரம் சற்றே தள்ளிப்போனது. யாரோ ஒரு கிழவராக இருந்தவர் குறிப்பிட்ட ஒருவராகிவிட்டார்.

பிறகுதான் தலையை உடம்போடு சேர்த்தேன். அசைவூட்டப் போவதில்லை என்பதால், மேற்பரப்பை ஒழுங்கான நாற்கரங்களாக மாற்றும் குவாட்ரிஃப்ளோ போட்டுத் தந்த பாலிகான் பின்னலே போதும்: சுமார் 12,000 பாலிகான்கள். நுணுக்கம் சேர்ப்பதற்காக அதைப் படிப்படியாகப் பிரிக்கும் மல்டிரெஸ்ஸின் ஒவ்வொரு படியும் எண்ணிக்கையை நான்கு மடங்காக்குகிறது. மூன்றாம் படியில் 7,68,000. நான்காம் படியில் 30 லட்சத்தைத் தாண்டும்போது என் பழைய லேப்டாப்பின் விசிறி தெருவுக்கே கேட்கிறது. நெற்றிக் கோடுகளும் விரல் முட்டி மடிப்புகளும் மூன்றாம் படியிலேயே அடங்கிவிட்டன. தோல் துளைகளை விட்டுவிட்டேன்; முழு உருவமும் தெரியும் தூரத்தில் அவற்றை யாரும் பார்க்கப்போவதில்லை.

லுங்கி பாக்கி இருக்கிறது. துணி சிமுலேஷனில் விட்டால் பட்டுத்துணி போல வழிகிறது, அதனால் கையாலேயே செதுக்க வேண்டும். வலையைச் செதுக்கப்போவதில்லை. கட்டம் போட்ட தளம் ஒன்றை 45 பாகை திருப்பி, விளிம்புகளை மட்டும் கம்பி போல விட்டுவைக்கும் வயர்ஃப்ரேம் மாடிஃபையர் போட்டால் சாய்சதுரக் கண்ணிகள் கிடைத்துவிடுகின்றன. கிழிசல் வேண்டிய இடத்தில் தளத்தின் சில கட்டங்களை நீக்கினால் போதும். கால் கட்டைவிரலுக்கும் கைக்கும் நடுவே வலை எவ்வளவு விறைப்பாக நிற்க வேண்டும் என்பதைத்தான் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.