நடுவுல ஒரு வருஷம் காலியா இருக்கே?

பெங்களூருக்குத் திரும்பியதும் போன முதல் இன்டர்வியூவில் கேட்ட கேள்வி இது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வலராக இருந்தேன் என்றேன். "ஓ, நல்ல சேவை" என்றவர், அடுத்த மூச்சில் எக்செல் தெரியுமா என்றார். வேலை கிடைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை.

நான் போன தன்னார்வத் திட்டத்தில் சேருபவரை அங்கே 'புஃப்டி' என்பார்கள். 2011-இல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தியபோது ஜெர்மனி கொண்டுவந்த திட்டம் அது, வெளிநாட்டவரும் சேரலாம். சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குப் பணம் உண்டு. தங்குமிடமும் சாப்பாடும் இடத்துக்கு இடம் மாறும், கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

போகும் முன் இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனில் பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதினேன். வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு, நான்கிலும் 100-க்கு 60 வேண்டும். கேட்டலில் கோட்டை விட்டேன். நல்லவேளை, அதை மட்டும் தனியாகத் திரும்ப எழுத முடிந்தது.

அங்கே உருப்படியாகக் கற்றது ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான். யார் சாப்பிடவில்லை, யார் காலையிலிருந்து அழுகிறார்கள் என்று நின்றபடியே நாலு வரியில் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அல்சூர் வீட்டில் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல அரைமணி நேரம் எடுக்கிற ஆள் நான்!

கிளம்பும்போது 'சாய்க்னிஸ்' என்ற வேலைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் வரிவரியாகப் படியுங்கள். 'எங்களுக்குத் திருப்தியாகச் செய்தார்' என்றிருந்தால் குளிர்ந்துவிடாதீர்கள், அந்த ஊர் வழக்கில் அது சுமார் மார்க்தான். 'எப்போதும்' என்ற பொருளில் 'ஸ்டெட்ஸ்' முன்னால் இருக்கிறதா, திருப்தி 'முழு' திருப்தியா என்று பாருங்கள். என் சான்றில் 'ஸ்டெட்ஸ்' இல்லை. தயங்கித் தயங்கிக் கேட்டேன். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சேர்த்துக் கொடுத்தார். இங்கே ஜெர்மன் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் கம்பெனிகளில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு.

அடுத்த இன்டர்வியூவில் சேவை என்ற சொல்லையே எடுக்கவில்லை. தினமும் ஆறு பேருடைய நிலவரத்தை ஜெர்மனில் ஒப்படைத்தேன் என்றேன். "எங்கே, இன்னைக்குக் காலையில நடந்ததை அப்படிச் சொல்லுங்க" என்றார்கள். சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்ட கதையை நாலு வரியில் சொன்னேன்.

எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருஷத்தை அனுபவக் கணக்கில் சேர்க்கவில்லை, ஃப்ரெஷர் சம்பளம்தான். மொழிக்கான அலவன்ஸ் மட்டும் தனி.