வேறு வைத்தால் வீடு உடையாது

காரைக்குடிப் பக்கம் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். வீட்டின் முகப்பும் வளவும் (முற்றம் சூழ்ந்த உள்கட்டு) எல்லாப் புள்ளிக்கும் பொது; கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. அடுப்பு மட்டும் தனி. டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், பைதான் நூலகங்களை நிறுவும் பிப் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' (இதை நிர்வகிப்பது வேறொருவர்) என்று முரண்டு பிடிப்பதும் இந்தக் கணக்குதான்.

அதை மீறி நிர்வாகி உரிமையோடு சூடோ பிப் போட்டால் நூலகம் யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில் போய் உட்காரும். டெபியனின் சொந்தப் பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) நிறுவியான ஏப்ட் வைத்தது இருப்பது யூஎஸ்ஆர்/லிப் அடியில். பைதான் தேடும் வரிசையில் லோக்கல் முந்திக்கொள்ளும். ஏப்ட் வழியாக வந்த நிரல் பழைய ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தை நம்பியிருக்கும். அதன் கையில் கிடைப்பதோ நீங்கள் நேற்றுப் போட்ட புதுசு. நிரல் படுத்துவிடும். ஏப்ட்டைக் கேட்டால் எல்லாம் சரி என்றே சொல்லும், அதன் கோப்பு எதையும் யாரும் தொடவில்லையே! பிப்பின் மறுப்பை மீறும் விருப்பத்துக்கு 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' (கணினிப் பொதிகளை உடை) என்று மிரட்டலாகப் பெயர் வைத்தது சும்மா இல்லை.

முதலில் ஏப்ட்டில் பைதான்3-வென்வ் போடுங்கள்; வென்வ் என்பது தனி அடுப்பு மாதிரி, திட்டத்துக்கென்று தனி நூலகக் கோப்புறை. இல்லாவிட்டால் வென்வுக்குள் பிப்பை வைத்துத்தரும் 'என்ஷுர்பிப்' இல்லை என்று பாதியில் நிற்கும். பிறகு திட்டத்துக்கு ஒரு வென்வ். வெறும் கட்டளையாக ஓட்டும் கருவிக்கு, தானே தனி வென்வ் கட்டித்தரும் பிப்எக்ஸ் போதும். கணக்கீட்டுக்கான நம்பை மாதிரி கனமான நூலகங்களை ஏப்ட்டிலேயே எடுத்துக்கொண்டு, அவை உள்ளேயும் தெரியும்படி வென்வைச் 'சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்' விருப்பம் சேர்த்து உருவாக்கலாம். உருவாக்கிய கோப்புறையை இடம் மாற்றாதீர்கள், ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் முழுப் பாதையும் பதிந்திருக்கும். டெபியன் 13-க்கு ஏறினால் பைதான் 3.11 போய் 3.13 வரும், வென்வுக்குள் எல்லாம் 3.11 அடுக்கிலேயே கிடக்கும், பிப்கூட. அதனால் போட்ட நூலகங்களின் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட்டு, ஏறியபின் வென்வை அழித்துப் புதிதாகக் கட்டுங்கள்.

கோ, ரஸ்ட் மொழிகளின் சங்கதி வேறு. குழம்பில் கரைந்த புளி மாதிரி நூலகம் நிரலின் பைனரிக்குள்ளேயே (ஓடும் கோப்பு) கலந்துவிடும். நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் நூலகப் பொதியை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதைச் சேர்த்த நிரல் ஒவ்வொன்றையும் மறுபடி பில்ட் செய்யவேண்டும். எது எதற்குள் போனது என்று டெபியன் பொதியின் 'ஸ்டாடிக்-பில்ட்-யூசிங்' புலத்தில் எழுதிவைப்பது அதற்குத்தான்.

நிரல் நம்பும் நூலகம் எல்லாவற்றையும் தனிப் பொதியாக்கு என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. பதினோரு வரி லெஃப்ட்-பேட் நூலகத்துக்கு ஒரு பொதியா? ஆனால் கிரிப்டோ, பட வடிவங்களைப் பிரிக்கும் நூலகங்கள் பொதுவில்தான் இருக்கவேண்டும். பத்து நிரலுக்குள் பத்துப் பதிப்பாகப் பதுங்கினால் ஓட்டையை யார் தேடுவது? மற்றதை வெண்டர் செய்துகொள்ளலாம், அதாவது நகலை நிரலின் மூலத்தோடே வைத்துக்கொள்ளலாம்; எந்தப் பதிப்பு என்று பதிந்த லாக் கோப்பு பொதியோடு இருக்கட்டும். பில்ட் ஓடும்போது மட்டும் இணையத்தைத் தொடவிடாதீர்கள்.