தோட்ட வேலையில் வறண்டு வெடித்த கைகளைத் தேற்றிய விதம்

தோட்டக்காரர்களின் கை வறண்டு போவதற்கு எல்லோரும் மண்ணைத்தான் காரணம் சொல்வார்கள். மண்ணுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கை அதிகம் கெடுவது பாத்தியில் அல்ல. வேலை முடிந்து கை கழுவும் குழாயடியில். சூடான தண்ணீர், அழுக்கு போகவில்லையே என்று திரும்பத் திரும்பப் போடும் சோப்பு, நகக்கண்ணில் பிரஷ், பிறகு துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. வெடித்த கையைத் தேற்ற மாற்றிக்கொண்ட பழக்கங்களில் பெரும்பாலானவை இந்தக் குழாயடிப் பழக்கங்கள்தான். அதனால் எந்த கிரீம் நல்லது என்ற கேள்விக்கு முன்னால், ஏன் வறள்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தோலின் மேலடுக்கு ஒரு சுவர். காய்ந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவில் இருக்கும் செராமைடு (தோலிலேயே உள்ள ஒருவகைக் கொழுப்பு), கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. சாந்து கரைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் எரிச்சலூட்டும் பொருட்கள் உள்ளே போகும். சூடான தண்ணீரும் சோப்பும் கரைப்பது இந்தச் சாந்தைத்தான். சாதாரணச் சோப்புக்கட்டியின் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருக்கும், அதாவது காரத்தன்மை. தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டி, சற்றே அமிலத்தன்மையோடு இருக்க வேண்டியது. போதாக்குறைக்கு உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. முகத்தைக் கழுவினால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மறுபடி சுரக்கும். உள்ளங்கைக்கு அந்த வசதி இல்லை. போன எண்ணெயை நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். காய்ந்த களிமண்ணும் தேங்காய் நார்த்தூளும் கையில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்கின்றன. சுண்ணாம்பும் மரச்சாம்பலும் கடுமையான காரத்தன்மை கொண்டவை. சோப்பு செய்வதையே இன்னும் வேகமாகச் செய்யும்.

ஏற்கெனவே வெடித்துவிட்ட கைக்கு முதல் வேலை, இரவுச் சிகிச்சை. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் கையை ஊறவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் தோல் நைந்து இன்னும் பலவீனமாகும். மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். லேசான ஈரம் கையில் தங்க வேண்டும். 3 நிமிடத்துக்குள், அந்த ஈரத்தின் மேலேயே பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிவிட வேண்டும். ஜெல்லி தானாக ஈரம் எதையும் தருவதில்லை, இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. காய்ந்த கையில் தடவிவிட்டு "பலனே இல்லை" என்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு கைகளுக்கும், முன்னும் பின்னும் சேர்த்து, அப்படி இரண்டு அளவு வேண்டும். பலர் இதில் கால் பங்குகூடப் போடுவதில்லை. தடவியதும் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்கிவிடலாம். கையுறை இல்லையென்றால் சுத்தமான பருத்திக் காலுறையும் போதும். பிளாஸ்டிக் உறை வேண்டாம். வியர்த்து ஊறி வெடிப்பின் ஓரம் வெளுத்துவிடும்.

வெடிப்புகள் பெரும்பாலும் கட்டைவிரல் நுனியிலும், ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலும், நக மூலையிலும்தான் வரும். களையைக் கிள்ளி இழுக்கும்போது முழு விசையும் விழும் இடங்கள் இவை. அங்கே தோல் தடித்துக் காய்த்துப்போகிறது. காய்த்த தோல் வளையாது. விரலை மடக்கும்போது மடங்க முடியாமல் பிளக்கிறது. அதனால் மேலே எவ்வளவு தடவினாலும், காய்ப்பின் தடிப்பைக் குறைக்காதவரை அதே இடம் மறுபடி மறுபடி வெடிக்கும். ஊறவைத்த பிறகு, சன்னமான நக அரத்தால் வெடிப்பின் இரு ஓரத்தையும் ஒரே திசையில் நாலைந்து முறை மட்டும் இழைத்துவிடுங்கள். பிளேடு கூடவே கூடாது. ஆழமாக வெட்டிவிட்டால் சீழ் பிடிப்பதற்கு நீங்களே வழி திறந்து கொடுத்தது போல ஆகும்.

ஆழமான வெடிப்பை மூடி வைத்தால் சீக்கிரம் கூடும். ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டரை (கசிவை உறிஞ்சி ஜெல் போல ஆகும் பிளாஸ்டர்) அளவாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி ஒட்டினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கூர்மூலை இருந்தால் ஒரு மணி நேரத்தில் உரிந்து வரும். ஒட்டும் இடத்தில் கிரீம் பிசுக்கு இருக்கக் கூடாது. முதலில் பிளாஸ்டர், பிறகு சுற்றிலும் ஜெல்லி. உள்ளே மண் துகள் தெரிந்தால் ஓடும் தண்ணீரில் கழுவி எடுத்த பிறகே மூட வேண்டும், அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பிளாஸ்டரும் நல்லதுதான். வெடிப்பின் இரு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலாகப் பூச வேண்டும்; சுரீரென்று எரியும், உடனே அடங்கிவிடும். உடைந்த பொருட்களை ஒட்டும் பசையை இதற்குப் பதிலாகப் போடுகிறவர்கள் உண்டு. அது காயும்போது சூடாகும், தோலையும் உறுத்தும். வேண்டாம்.

வாய் திறந்த வெடிப்பு இருக்கும்வரை மேல்பூச்சு ஜெல்லியாக மட்டும் இருக்கட்டும். யூரியா, லாக்டிக் அமிலம் கலந்த கிரீம்கள் திறந்த புண்ணில் கடுமையாக எரியும். வெடிப்பு மூடிய பிறகு 5 அல்லது 10 சதவீத யூரியா கிரீமுக்கு மாறினால் தோல் உள்ளேயே ஈரத்தைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொள்ளும். 20 சதவீதமும் அதற்கு மேலும் காய்ப்பைக் கரைக்கத்தான். புறங்கைக்குப் போகக் கூடாது. பம்ப் பாட்டிலில் வரும் தண்ணீர் போன்ற லோஷன்களை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதில் பெரும்பங்கு தண்ணீர், தடவிய சுகம் ஆவியாகும்வரைதான். கிளிசரினை அப்படியே தடவுவதும் சரியல்ல. காற்று வறண்டிருந்தால் அது தோலின் உள்ளிருந்தே ஈரத்தை இழுக்கும். தண்ணீர் கலந்து தடவி மேலே ஜெல்லி போட்டால் நன்றாக வேலை செய்யும். எண்ணெய் விரும்புகிறவர்கள் சூரியகாந்தி எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ எடுத்துக்கொள்ளலாம். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலம் தோலின் தடுப்பைத் தளர்த்திவிடுகிறது.

இரண்டு மூன்று இரவுகளில் எரிச்சல் குறையும். மேலோட்டமான வெடிப்பு ஒரு வாரத்தில் மூடும், ஆழமானவற்றுக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கை பார்வைக்கு நன்றாகிவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மேல்தோல் முழுவதும் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். அதுவரை இரவுப் பூச்சை விடாதீர்கள்.

இனி கையுறை. களை எடுக்கவும் நாற்று நடவும் உள்ளங்கைப் பக்கம் மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசிய பின்னல் கையுறைதான் பொருத்தம். புறங்கைக்குக் காற்று கிடைக்கும், விரல் உணர்வும் போகாது. ஈர வேலைக்கு முழுக்க நீர் புகாத கையுறையும், அதற்கு உள்ளே மெல்லிய பருத்தி உறையும் வேண்டும். பருத்தி உறை இரண்டு மூன்று ஜோடி இருந்தால் வியர்வையில் நனைந்ததும் மாற்றிக்கொள்ளலாம். நனைந்த உறையோடு தொடர்வது கையைத் தண்ணீரில் வைத்திருப்பதற்குச் சமம். முள் செடிகளுக்குத் தோல் கையுறை. அளவு பார்க்க, கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி டேப் பிடியுங்கள். கையுறைகளில் வழக்கமாகப் போட்டிருக்கும் 7, 8, 9 என்ற எண் அந்தச் சுற்றளவின் அங்குலக் கணக்கு. தொளதொளவென்று இருந்தால் கொப்புளம் வரும், பாதி வேலையில் கழற்றி எறியவும் தோன்றும்.

ஓட்டை விழுந்த நீர் புகாக் கையுறை, வெறும் கையைவிட மோசம். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்தினால் ஓட்டை தெரிந்துவிடும். உள்ளே புகுந்த மண்ணையும் வேலைக்கு நடுவில் உதறிவிட வேண்டும். ஒவ்வொரு பிடியிலும் அது தோலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை உட்புறத்தை வெளியே திருப்பி அலசி நிழலில் காயவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: லேடெக்ஸ் கையுறைக்குள் பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள், ரப்பர் நைந்து கிழியும்.

வேலைக்குப் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் டைமெதிக்கோன் என்ற சிலிக்கோன் உள்ள கிரீமைக் கொஞ்சமாகத் தடவி ஊறவிடலாம். ஜெல்லியை அப்போது தடவினால் மண்வெட்டிப் பிடி வழுக்கும், மண்ணும் அப்பிக்கொள்ளும். ஈரமான சோப்புக்கட்டியை நகங்களால் சுரண்டி நகக்கண்களை நிரப்பிக்கொள்வது பழைய வழி, ஆனால் அருமையான வழி. மண் புக இடமிருக்காது. கழுவும்போது சோப்போடு எல்லாம் வந்துவிடும், பிரஷ் போட்டுத் தேய்க்கும் வேலையே இல்லை. மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். அதன் அடியில் தங்கும் சோப்புதான் அந்த விரலில் மட்டும் வரும் தடிப்புக்குப் பெரும்பாலும் காரணம்.

கழுவும் முறைக்கு வருவோம். முதலில் கை காய்ந்திருக்கும்போதே மண்ணைத் தட்டி உதறிவிட வேண்டும். அடுத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, ஒரு நிமிடம் விரல் இடுக்கு வரை தேய்த்து, பழைய துணியால் துடையுங்கள். தக்காளிச் செடியின் பச்சைக் கறையும் பிசினும் இதிலேயே பெரும்பகுதி வந்துவிடும். அப்புறம்தான் வெதுவெதுப்பான தண்ணீரும், மணமில்லாத, சோப்பு கலக்காத கிளென்சர் கொஞ்சமும். விரல் இடுக்குகளை நன்றாக அலச வேண்டும். துணி சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், மண்ணெண்ணெய் இவற்றால் கறை போகும், சாந்தும் சேர்ந்து போகும். சுண்ணாம்போ சாம்பலோ பட்டால் மட்டும் இந்த வரிசை பார்க்காமல் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். வேலைக்கு நடுவில் ஒவ்வொரு தடவையும் கழுவாமல், கையுறையைக் கழற்றிவிட்டு மற்ற காரியத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே தடவை கழுவுவது நல்லது. கிரீம் டப்பாவை அலமாரியில் வைக்காமல் குழாய்க்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். 3 நிமிடக் கணக்கு அப்போதுதான் நடக்கும்.

வீட்டிலேயே களிம்பு செய்வதாக இருந்தால்: தேன்மெழுகு 20 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 80 கிராம். கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில்தான் உருக்க வேண்டும், நேரடித் தீயில் அல்ல. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு மேல் சூடு எதற்கும் உதவாது. ஒரு கரண்டியில் சில சொட்டு எடுத்து ஃப்ரிட்ஜில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். விரலால் சுரண்ட வராமல் கெட்டியாக இருந்தால் எண்ணெய் கூட்டலாம், ஒழுகினால் மெழுகு. முழுக்கக் காய்ந்த டப்பாவில் ஊற்றி, நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும், இல்லையென்றால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். இதில் தண்ணீரே இல்லாததால்தான் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிறது. கற்றாழைச் சோறு சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்த்தால் பூஞ்சை வரும். வைட்டமின் ஈ எண்ணெய் காறல் அடிப்பதைத் தள்ளிப்போடும், பூஞ்சையைத் தடுக்காது. வாசனைக்காக எசன்ஷியல் ஆயில் சேர்ப்பது வெடித்த கையில் புது எரிச்சலை வாங்கிக்கொள்வது.

இவ்வளவும் செய்து மூன்று நாலு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் அது வெறும் வறட்சியாக இருக்காது. ஒரு கை மட்டும் மாவு படிந்தது போல வறண்டிருந்து, கால் பாதங்களிலும் செதில் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேல் ஸ்டீராய்டு களிம்பு போட்டால் மேலும் பரவும். நமைச்சலோடு சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்தால், சாமந்தி, துலிப் கிழங்கு போன்றவற்றின் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். தடிப்பு மணிக்கட்டில் கோடு போட்டது போல நின்றால், காரணம் கையுறை ரப்பரில் இருக்கும் ரசாயனமாக இருக்கலாம். தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது) செய்து கண்டுபிடிப்பார். கள்ளிப்பால் பட்டால் தோல் வெந்துபோகும். அதே கையால் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் வரும்.

வெடிப்பைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சூடாக வலித்தாலோ, சீழ் வைத்தாலோ, கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரோஜா முள் குத்திய இடத்திலோ, ஸ்பாக்னம் பாசி (செடித் தொட்டிகளில் ஈரம் காக்கப் போடும் பாசி) பட்ட காயத்திலோ சில வாரம் கழித்து ஆறாத கட்டி வந்து, கை வழியே மேலே வரிசையாகக் கட்டிகள் தோன்றினால் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். "தோட்ட வேலை செய்கிறேன்" என்று மருத்துவரிடம் சொன்னால்தான் அவருக்கு அந்த யோசனை வரும். மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கிறது, வெடித்த கை அதற்குத் திறந்த வாசல். பெரியவர்களுக்கு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை டெட்டனஸ் ஊசி. மண் புகுந்த ஆழமான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் காத்திருக்காமல் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாகப் போட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.