மாரிக் காய்ச்சல்

டிசம்பர் 6
அப்பாவுக்கு இரவும் காய்ச்சல் 103. டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை, சளியில் காசநோய்க் கிருமியும் இல்லை. வேறென்ன என்று கேட்டால் "பார்ப்பம்" என்கிறார்கள்.

டிசம்பர் 7
ஸ்கேனில் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்டதெல்லாம் தம்பலகாமத்து வயலில் தண்ணீர் நிற்கிறதா என்றுதான்.

டிசம்பர் 8
கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனையின் முடிவு வரவில்லை.

டிசம்பர் 9
வந்துவிட்டது. மெலியோய்டோசிஸ். டொக்டர் ஒரு துண்டில் எழுதித் தந்தார். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிற கிருமி. மழைக்காலத்தில் கீறல், வெடிப்பு வழியே ஏறும், மூச்சோடும் போகும். சீனி வருத்தக்காரரைத்தான் அதிகம் பிடிக்குமாம். அப்பா சீனிக் குளிசையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. ஆய்வுகூடத்தில் இதை வேறேதோ கிருமி என்று ஒதுக்கிவிடுவதும் நடக்குமாம். நல்லகாலம், இங்கே ஒதுக்கவில்லை.
1912இல் ரங்கூனிலிருந்து இதை முதலில் எழுதியவர்கள் விட்மோர், கிருஷ்ணசாமி இரண்டு பேரும். விட்மோர் நோய் என்றும் பெயர் உண்டு. கிருஷ்ணசாமி எங்கே போனார்? இந்த நேரத்தில் இதற்கும் கோபம் வருகிறது.

டிசம்பர் 10
மெரோபெனெம் ஊசி, எட்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம். பெனிசிலினுக்கெல்லாம் அசையாத கிருமியாம்.
குதிக்கால் வெடிப்புகளில் சேறு கறுத்துக் கோடு கோடாக இருக்கிறது. நர்ஸ் மிஸ்ஸி பஞ்சால் தேய்த்தும் போகவில்லை. இதற்குள்ளால்தான் போனதோ? போன வருசம் வாங்கிக் கொடுத்த பூட்ஸ் வீட்டுக் கோடியில் கிடக்கிறது. சேற்றில் கால் இழுபடுமாம், போடமாட்டார்.

டிசம்பர் 13
காய்ச்சல் இறங்கவில்லை. மருந்து சரியென்றாலும் ஒரு கிழமைக்கு மேல் இழுக்குமாம். அம்மா பத்திரகாளி கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டு வந்து திருநீறு பூசினா.

டிசம்பர் 19
99. கஞ்சி குடித்தார். உப்புக் காணாதென்று அம்மாவை ஏசினார். அப்பாடா.

டிசம்பர் 20
ஈரலில் கட்டி இருப்பதால் நான்கு கிழமையாவது ஊசியாம். "பொங்கலுக்கு விடுவினமோ?" என்கிறார் அப்பா.

ஜனவரி 8
குளிசைக்கு மாற்றிவிட்டார்கள். கோட்ரைமொக்சசோல், குறைந்தது மூன்று மாதம். இடையில் விட்டால் திரும்பி வரும். அப்பா கணக்குப் பார்க்கிறார்: "அதுக்குள்ள நெல்லு வெட்டு முடிஞ்சிடுமே. பேந்து வயலுக்கு ஆர் போறது?" நான் பூட்ஸைப் பற்றிச் சொன்னேன். மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வெறுங்காலோடு இறங்கினால் நானே வரம்பில் நின்று கத்துவேன், ஊர் சிரித்தாலும் சரி.

ஜனவரி 11
இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கிறது. இந்தக் குளிசைக்கு அப்படி ஆவதுண்டாம். அளவைக் குறைப்பதா என்று டொக்டர் பின்னேரம் சொல்வார்.