பிளாக் கொண்டு வந்தீங்களா?

அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, டி.சி., ரேஷன் கார்டு என்று ஊர்க்காரர்களின் காகிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். "ஒரிஜினல் இருக்கா? எதுக்கும் ரெண்டு செட் போட்டுக்கோங்க" என்று 14 வருஷமாக எல்லாருக்கும் புத்தி சொன்னவள். அப்பேர்ப்பட்டவள் சென்னை வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

குளிக்கும்போது இடது மார்பில் தட்டுப்பட்டது. சின்ன நெல்லிக்காய் அளவு, வலி கிடையாது. மேமோகிராம், ஸ்கேன், ஊசி பயாப்ஸி எல்லாம் மதுரையில் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டன. 2.1 செ.மீ., இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2. மார்பகப் புற்றுநோய்தான். அழுததையெல்லாம் எழுதப் போவதில்லை.

முதலில் பார்த்த சர்ஜன் பெரிய பெயர் எடுத்தவர். ரிப்போர்ட்டைப் புரட்டினார், கட்டியைத் தொட்டார். அக்குளைத் தொடவே இல்லை. "முழுசா எடுத்துட்டா நிம்மதி. வெள்ளிக்கிழமை தேதி போட்டுரலாம்" என்றார். சொன்னதும் என்னைப் பார்த்து இல்லை, எங்க வீட்டுக்காரரைப் பார்த்து. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். "உங்க வயசுக்கு எதுக்கும்மா அது?" என்றார்.

எனக்கு 49. அந்த வார்த்தை இன்னும் உள்ளே குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இருந்தும் வெளியே வந்து 5,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். பயம் அப்படித்தான் கட்ட வைக்கும். கவுண்டரில் இருந்த பெண், "கேன்சர் விஷயம்க்கா, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க" என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

அன்று ராத்திரி மதினிதான் பிடிவாதமாக நின்றாள். "ஒரு மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்குற, இதுக்கு ஒரே கடையா?" என்றாள். சென்னையில் அவள் தம்பிக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டார்கள். எல்லா ரிப்போர்ட்டையும் மூன்று செட் எடுத்தேன். பயாப்ஸி ரிப்போர்ட் கசங்கக் கூடாதென்று லேமினேஷனே போட்டுவிட்டேன். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். மதியம் இரண்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இருந்தது பெரிய டாக்டர் இல்லை, உதவி டாக்டர். முதல் கேள்வியே, "பிளாக், ஸ்லைடு கொண்டு வந்தீங்களா?"

"பிளாக்னா என்ன சார்?"

ஊசியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்களாம். அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால் ஸ்லைடு. அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்களுடைய டாக்டர் அதைத் தானே பார்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள். வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது. எந்த மருந்து வேலை செய்யும் என்று காட்டும் ஹார்மோன், ஹெர்-2 டெஸ்டுக்கும் அந்த மெழுகுதான் வேண்டும். இதை மதுரையில் ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் லேமினேஷன் போட்ட ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சீல்கூட வைக்க முடியாதேம்மா" என்றார். கடைக்காரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

பெரிய டாக்டர் கடைசியில் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தார். "ஆபரேஷன் நீங்களே செய்வீங்களா சார்?" என்று கேட்டேன். "எங்க டீம் பாத்துக்கும்" என்றார். பதில் தப்பில்லை. ஆனால் யார் கத்தி என்று தெரியாமல் மயக்க ஊசி போட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டோம்.

மதுரை லேபில் பிளாக் கேட்கப் போனது தனிக் கூத்து. முதல் தடவை, "பிளாக்கெல்லாம் வெளிய தர மாட்டோம், டாக்டர் லெட்டர் வேணும்." ஊசி பயாப்ஸி எடுத்த டாக்டரிடம் லெட்டர் வாங்கிப் போனேன். "இன்சார்ஜ் லீவு, திங்கக்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், "அது எங்க ரெக்கார்டும்மா." ஐம்பது கிலோமீட்டர் பஸ், மூன்றாவது தடவை. என் கடையில் தாலுகா ஆபீஸ் மனு எழுதுபவர்களுக்கு நான் சொல்லித்தரும் வித்தையையே எடுத்தேன். "சரி தம்பி, தர மாட்டோம்னு எழுதி, சீல் வச்சுக் குடுங்க." பையன் உள்ளே போனான். ஐந்து நிமிஷத்தில் ஒரு வயதான பெண் டாக்டர் வெளியே வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இது உங்க சதைதாம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்தார். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் கூடு, அதற்குள் மெழுகு. வெயிலில் உருகிவிடுமோ என்று டிபன் பாக்ஸில் வைத்துத் தூக்கி வந்தேன். சாதாரண வெயிலுக்கு உருகாதாம். பூட்டிய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். பயாப்ஸி செய்த அன்றைக்கே பிளாக்கை எப்படி வாங்குவதென்று கேட்டு வைத்துவிடுங்கள்.

இதற்கு நடுவில் அந்த வெள்ளிக்கிழமையும் வந்து போனது. "அட்மிஷனுக்கு வரலையே" என்று போன் வந்தது. கை நடுங்கியது. தப்புப் பண்ணுகிறோமோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

மறுநாள் எனக்கு ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். ஊசி பயாப்ஸியும் அவர் சொல்லித்தான் செய்தேன். முடிவு தெரியாமல் கட்டியை மொத்தமாக வெட்டி டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் சரியாகத் திட்டம் போட முடியாது என்று எச்சரித்தவரும் அவர்தான். "நல்ல சர்ஜன் யாரு?" என்று கேட்டால் எல்லாரும் பொதுவாக நாலு பெயர் சொல்வார்கள் என்று தெரியும். அதனால், "உங்க அக்காவுக்குன்னா யார்கிட்ட அனுப்புவீங்க?" என்று கேட்டேன். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் சொன்ன பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. மதுரையிலேயே இருந்தார்.

சின்ன வயசுக்காரர். புற்றுநோய் அறுவைக்கென்றே எம்.சி.எச். படித்தவர். நர்ஸைப் பக்கத்தில் நிற்க வைத்து, ரெண்டு மார்பு, ரெண்டு அக்குள், கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தார். "பிளாக் இருக்கா?" என்றார். டிபன் பாக்ஸைத் திறந்தேன். சிரித்துவிட்டார்.

என் ஜெராக்ஸின் பின்பக்கத்திலேயே படம் போட்டார். கட்டியை மட்டும் எடுத்தால் கட்டாயம் ரேடியேஷன் வைக்க வேண்டும். வெட்டி எடுத்த சதையின் ஓரம் புற்று இல்லாமல் சுத்தமாக இல்லையென்று ரிப்போர்ட் வந்தால் மறுபடி வெட்ட வேண்டி வரலாம். இந்தக் கெட்ட செய்திகளைத்தான் முதலில் சொன்னார். அப்புறம் அமெரிக்காவிலும் மிலானிலும் 20 வருஷம் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வுகளைச் சொன்னார். ஆரம்ப நிலையில் மார்பை முழுதாக எடுத்தவர்களும், கட்டியை எடுத்து ரேடியேஷன் வைத்தவர்களும் ஆயுளில் வித்தியாசம் இல்லையாம். "அவசரமா சார்?" என்றேன். "மாசக்கணக்கா உட்காரக் கூடாது. டெஸ்டுக்காக ரெண்டு மூணு வாரம் போனா பயப்பட வேண்டாம். ஹெர்-2 தெரியாம நான் கத்தி எடுக்க மாட்டேன். சிலருக்குக் கீமோவ முதல்ல குடுக்க வேண்டியிருக்கும்" என்றார். "நானேதான் செய்வேன்" என்று கேட்காமலே சொன்னார்.

நம்பிக்கை வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். "ரேடியேஷன் மூணு வாரம், பதினஞ்சு நாள் வரணும். அருப்புக்கோட்டையிலருந்து தினமும் வந்து போக முடியுமா? கடையை யார் பாப்பா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என் கடையைப் பற்றிக் கேட்டதில்லை.

ரிப்போர்ட் அப்போதும் என்னை விடவில்லை. ஹார்மோன் பாசிட்டிவ். ஹெர்-2 மட்டும் 2 பிளஸ், அதாவது ரெண்டும்கெட்டான். ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட், இன்னும் பத்து நாள், அதே மெழுகிலிருந்து. நெகட்டிவ் என்று வந்ததும் டியூமர் போர்டில் மற்ற டாக்டர்களோடு பேசிவிட்டு, ஆபரேஷன்தான் முதலில் என்றார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேலை இழுத்தடிக்கும் என்று பயந்தேன். அதுதான் சொன்ன நாளில் முடிந்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீலச் சாயம் ஊசி போட்டு அக்குளில் முதலில் சாயம் ஏறும் நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். மூன்று எடுத்தார்கள், மூன்றும் சுத்தம். அதனால் அக்குள் முழுவதையும் வழித்தெடுக்கவில்லை. அப்படி எடுத்தால் சிலருக்குக் கை வீங்கும் என்பதால் எனக்கு அந்த மூன்றும் பெரிய விஷயம். ஓரமும் சுத்தம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். மறுநாள் சிறுநீர் நீலப் பச்சையாகப் போனது. அந்தச் சாயம்தான் காரணம். பாத்ரூமில் நான் போட்ட சத்தத்தில் மதினி கதவையே உடைக்கப் பார்த்தாள்.

பதினைந்தில் பதினொரு ரேடியேஷன் முடிந்துவிட்டது. காலை ஆறரை பஸ், மதியத்துக்குள் கடை.

அந்த 5,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை. ரெண்டு தடவை கேட்டாச்சு, "அக்கவுண்ட்ஸ்ல சொல்லிருக்கோம்" என்கிறார்கள். வியாழக்கிழமை ரேடியேஷன் முடித்துவிட்டு நேரே போய் உட்காரப் போகிறேன். ஒரிஜினல் ரசீது பையில் இருக்கிறது, ரெண்டு செட் ஜெராக்ஸோடு. லேமினேஷன் போடவில்லை.