அச்சம் அற்றுப்போன ஒரு பெண்
அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய மரபணு நோயொன்றால் மூளையின் இருபுறமும் உள்ள அமிக்டலா என்னும் பாதாம் வடிவப் பகுதி சிதைந்துபோனதால், அச்சம் என்ற உணர்வே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பாம்பைத் தயங்காமல் கையில் எடுத்த அவர், கத்திமுனையில் தாம் மிரட்டப்பட்ட பூங்காவின் வழியாகவே மறுநாளும் நடந்து சென்றார். பிறர் முகத்தில் தெரியும் பயத்தைக்கூட அவரால் அடையாளம் காண முடியவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஏனெனில், ஒருவருடைய அச்சம் அவரை மட்டுமன்றி, அவர் முகம் வெளுப்பதைக் கண்டு விலகிக்கொள்ளும் பக்கத்து மனிதரையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. ஆயினும் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது, அவரும் பதறிப்போய்ச் சுவாசக் கவசத்தின் அருகே கையை வீசித் தவித்தார். மூச்சு முட்டும்போது எழும் அந்தப் பழைய அலறல், அமிக்டலாவையும் தாண்டி இன்னும் ஆழத்தில் எங்கோ குடியிருக்கிறது போலும்.