சாவி கைக்கு வந்த பிறகு

பதினான்கு மாதங்கள் தங்க இடமின்றி இருந்தேன். அந்த நாள்களில் நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது. அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் உதவித்தொகை இல்லை. அது இல்லாமல் வாடகைக்கு வழியில்லை. வாடகைக்கு வீடு பிடிக்காமல் முகவரி ஏது? ஒவ்வோர் இடத்திலும் சொன்னது விதிப்படி சரியாகவே இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளே நுழைய வாசலே இல்லை என்பது புரியும்.

இரவுக் காப்பகத்தில் சந்தித்த சமூகப் பணியாளர் (எல்லோரும் அவரைக் கேஸ் மேனேஜர் என்பார்கள்) முதல் நாள் என் கதையைக் கேட்கவில்லை. "அண்ணா, கையில் என்னென்ன காகிதம் இருக்கிறது, அதை மட்டும் பார்ப்போம்" என்றார். சட்டைக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தேன். ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த தாள்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து, மேசையில் பரப்பிக் காயவைத்து, இருப்பது எது, இல்லாதது எது என்று குறிப்பேட்டில் எழுதினார். போன இடமெல்லாம் என் வீழ்ச்சியை முதலிலிருந்து சொல்லிச் சொல்லிக் களைத்திருந்த எனக்கு, அந்த அரைமணி நேரம் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர் பொறுப்பில் என்னைப்போல் இருபது பேர் இருந்தார்கள். தனி ஆளாக அவரால் எதுவும் செய்திருக்க முடியாது. காப்பகம், மருத்துவமனை, சட்ட உதவி மையம், வாடகைக்கு விட முன்வந்த சில வீட்டு உரிமையாளர்கள் என எல்லோரும் வாரம் ஒருமுறை கூடி, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அடுத்து யார் என்ன செய்வது என்று முடிவுசெய்தார்கள். என்னைப் பற்றிய தகவலைப் பகிர்வதற்கு முன் ஒப்புதல் படிவத்தை வரிவரியாக வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். காப்பகத்தின் முகவரியையே என் முகவரியாக ஏற்றுக் கடிதம் தந்ததும் முதல் முடிச்சு அவிழ்ந்தது. பழைய வாடகைப் பாக்கியைத் தவணையாகக் கட்டச் சட்ட உதவி மையம் பேசி முடித்தது. நடுவில் ஓர் அலுவலகம் என் விண்ணப்பத்தைத் தொலைத்துவிட்டதால் இரண்டு மாதம் வீணானது. தனியாக இருந்திருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். ஒப்புகைச் சீட்டின் நகலை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

அப்போது நான் குடித்துக்கொண்டிருந்தேன். குடியை விட்டுவிட்டு வா, பிறகு வீடு தருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. 'முதலில் வீடு' என்னும் இந்த அணுகுமுறையை உளவியலாளர் சாம் செம்பரிஸ் 1992-இல் நியூயார்க்கில் தொடங்கினார் என்பதைப் பின்னாளில் படித்தேன். பின்லாந்து 2008 முதல் இதையே நாட்டின் கொள்கையாக்கிக் காப்பகங்களை வாடகைக் குடியிருப்புகளாக மாற்றியது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்விலும், இம்முறையில் வீடு பெற்றவர்களே மற்றவர்களைவிட அதிகமாக நிலையாகத் தங்கினார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. இரவெல்லாம் பையைக் காவல் காத்துக் கிடப்பவன் காலையில் எந்தச் சிகிச்சைக்கு நேரத்தோடு போய் நிற்பான்?

வீடு கிடைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று வாரம் கட்டிலில் படுக்கவே முடியவில்லை. செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு கதவோரம் தரையில் கிடந்தேன். ஒருநாள் தனிமை தாங்காமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை சமூகப் பணியாளர் தேடி வந்தார். கடிந்துகொள்ளவில்லை; கூடவே நடந்து வந்து வீட்டைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து அந்த வாரத்து வேலைகளைப் பேசத் தொடங்கினார்.

சாவி கொடுத்த நாளிலிருந்து ஒன்பது மாதங்களை அவர்கள் மூன்றாகப் பிரித்திருந்தார்கள். முதல் மூன்று மாதம் அடிக்கடி வருவார்; அடுத்த மூன்றில் நானே செய்து பார்ப்பேன், தடுமாறினால் தாங்கிப் பிடிப்பார்; கடைசி மூன்றில் மெல்ல விலகுவார். ஏழாம் மாதம் வாடகை தாமதமானபோது உரிமையாளரிடம் அவரே பேசிவிடுவார் என்று எதிர்பார்த்துத் தொலைபேசியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பேசினேன்; பத்து நாள் அவகாசம் கிடைத்தது. அவர் குறிப்பேட்டைத் திறந்து, அடுத்த வாரத்துக்கு எழுதியிருந்த சந்திப்பை அடித்துவிட்டு, அதற்கு அடுத்த வாரத்தில் குறித்துக்கொண்டார்.